நான்காவது சத்தம்

அக்டோபர் 3, வெள்ளி

தொண்டையில் கட்டி. பதினாறாம் தேதி ஆபரேஷன். தொண்டைக்குள் இருக்கிற குரல்பெட்டியை முழுசாக எடுத்துவிடுவார்கள். பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும். மூச்சு அது வழியாகப் போகும், வரும். பேச்சு இருக்காது.

"அதுவரைக்கும் தினமும் கொஞ்சம் பேசி வைங்க ஐயா" என்றார் சுபத்ரா. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். என் போனில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் பேசப் பேச அது எழுத்தாக விழுகிறது. "நம்ம ஊர்ப் பேச்சு அதுக்குப் பிடிபடாது. செய்தி வாசிக்கிறவங்க மாதிரி நிதானமாச் சொல்லுங்க. முதல்ல தேதி."

என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். எண் மட்டும் தெரியும்.

பெயர் தொம்மை. வயது எழுபத்தொன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடியறை தெரியாது. மேல்தளத்தில் ஒருவன் நின்று கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அசைத்தால், மெதுவாக இறக்கு. கைவிரல்களை முட்டியாக மடக்கி உயர்த்தினால், நிறுத்து. அந்த ஒருவன் நான்.

எழுத்து இல்லாததால் எல்லாம் தலைக்குள்தான். 1987 பிப்ரவரி 9, இரண்டாம் நம்பர் அறை, மரத்தடி இறக்கம். வயர் நழுவி என் இடது சுண்டுவிரலில் பாதி போனது. அன்று தூக்குச்சட்டியில் நெத்திலிக் குழம்பு. நான் மறந்தது என்று ஒன்று கிடையாது.

அக்டோபர் 4, சனி

சுபத்ரா போனில் கூப்பிட்டார். வேண்டியவர்களுக்கு என் குரலில் ஒவ்வொரு சேதி பேசி வைக்கச் சொன்னார். சிலர் பேரன் பேத்திக்குக் கதை சொல்லி வைப்பார்களாம்.

"உங்களுக்கு ஒரு பையன்னு தங்கச்சி சொன்னாங்களே. அவருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"யோசிக்கணும்" என்றேன்.

லெஸ்லி பெங்களூரில் இருக்கிறான். நான்கு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. வேலை விஷயமாக ஒரு வார்த்தை தடித்துவிட்டது. அவ்வளவுதான்.

பீரோ மேல் அவனுடைய பேஸ் கிட்டார் உறையோடு கிடந்தது. ரெஜினா அதைத் தூசி தட்ட எடுத்தாள். என் தங்கை. என் மனைவி ஜெசிந்தா இறந்த பிறகு என்னோடு வந்து இருக்கிறாள். உறையின் பைக்குள் நான்கு காகிதங்கள் இருந்தன. நான்கு நான்காகக் கோடு போட்டு, கோடுகளின் மேல் எண்கள். வேறு எழுத்தே இல்லை. 'டேப்' என்பான் லெஸ்லி. ராகம் தாளம் தெரியாதவனும் இதைப் பார்த்து வாசிக்கலாம் என்பான்.

இது அவன் அம்மாவுக்காகப் போட்ட பாட்டு. ஜெசிந்தாவுக்குக் காது மந்தம். கிட்டாரின் சத்தப் பெட்டியை அவள் கட்டில் காலோடு ஒட்டி வைத்துவிட்டு, நீள வயரோடு அவன் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பான். அவள் கட்டில் சட்டத்தில் கை வைத்துப் படுத்திருப்பாள். அவள் போன அன்றும் அப்படித்தான். ஆகஸ்ட் 11, புதன். நான் புறவாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு கோடு, நான்கு கம்பி. பூஜ்யம் என்றால் விரல் வைக்காமல் தட்டுவது. மூன்று என்றால் மூன்றாம் கட்டத்தில் அழுத்துவது.

எழுபத்தொரு வயதில் நான் ஒரு காகிதத்தைப் படித்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

உறைக்குள் கவ்வி போல ஒரு சின்னப் பொருள் இருந்தது. கிட்டாரின் தலையில் மாட்டி, பச்சை விளக்கு எரியும் வரை கம்பியை முறுக்க வேண்டும். லெஸ்லி செய்து பார்த்திருக்கிறேன். புது பேட்டரி போட்டேன். விளக்குப் பார்த்து வேலை செய்வது எனக்குப் புதிதில்லை. அவன் விட்டுப்போன சத்தப் பெட்டியில் வயரைச் செருகினேன்.

முதல் வரியில் நான்கே சத்தம். அடிக்கோட்டில் பூஜ்யம். அதே கோட்டில் மூன்று. அதற்கு மேல்கோட்டில் இரண்டு. அங்கேயே பூஜ்யம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடு நீளமாக ஓடுகிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பாட்டுக்கு ஆம்பியன்ட் என்று ஒரு பெயர் சொல்வான். "ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு வந்துரலாம்ல" என்று கேலி செய்திருக்கிறேன். கேட்டதும் இல்லை. அவன் பெட்டியைத் தட்டிவிட்டதும் நான் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

சுண்டுவிரல் பாதிதான் என்பதால் மூன்றாம் கட்டத்துக்கு மோதிர விரல். நுனி சிவந்துவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ரெஜினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கொசு அடிக்கியா?"

"பாட்டு."

"இதா பாட்டு? நம்ம வீட்டு மிக்ஸி இதைவிட நல்லாப் பாடும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கேயோ தவறு இருக்கிறது. லெஸ்லியின் பாட்டு தூரத்தில் கப்பல் ஊதுவது போலத் தொடங்கும். முதுகெலும்பில் கேட்கும். எனக்கு வருவது மெலிந்த சத்தம். எண் சரி. விரல் சரி. விளக்கும் பச்சை. அவன் தப்பாக எழுதி வைத்திருக்கிறான்.

தொண்டை கட்டிக்கொண்டது. குரலைச் சேமிக்கச் சொன்னார் டாக்டர். இன்று இது போதும்.

அக்டோபர் 8, புதன்

காலையில் ரேஷன் கடை. பிறகு பதினெட்டுத் தடவை வாசித்தேன். பதினெட்டும் கொசு.

அக்டோபர் 9, வியாழன்

"கில்பர்ட்டு மாஸ்டரைக் கூட்டியாறவா? கோயில் பாட்டுக்கெல்லாம் அவருதான கிட்டாரு" என்றாள் ரெஜினா.

"வேண்டாம்."

"அப்ப லெஸ்லிகிட்ட கேளு. அவன் எழுதுனதுதான?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"எம்மேல ஏன் பாயுத? இன்னும் ஒரு வாரம் பாயி. அப்புறம் பாயணும்னாலும் முடியாது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அவனுக்கு அன்னைக்கு அப்படி என்னத்தண்ணே சொன்ன? நானும் நாலு வருசமாக் கேக்கேன். அவனும் சொல்ல மாட்டேங்கான், நீயும் சொல்ல மாட்டேங்க."

அவள் லெஸ்லியிடம் பேசுகிறாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சொன்னது ஜெசிந்தாவின் முப்பதாம் நாள் செபத்தில். சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு அவன் பெட்டியைப் போட்டு அந்தப் பாட்டை எடுத்தான். முதன்முதலாக நான் உட்கார்ந்து கேட்டேன். மூன்று சத்தம் வரை கேட்டேன். நிறுத்து என்று முட்டியை உயர்த்தினேன். அவன் பார்க்கவில்லை. எழுந்துபோய் வயரைப் பிடுங்கினேன்.

பிறகு ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இந்த போனுக்குச் சொல்ல அவசியமில்லை. நான் புறவாசலில் குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. கடைசிப் பரிசோதனை. முந்தின மாதம் ஆபரேஷன் ஆன ஒருவரை சுபத்ரா கூட்டிவந்து காட்டினார். கழுத்தில் துணி கட்டியிருந்தார். மடியில் ஒரு அட்டை, அதில் எழுத்துகள். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு என்னிடம் ஏதோ சொன்னார். சிரித்தார். சுபத்ராவும் சிரித்தார். எனக்கு மட்டும் தெரியவில்லை.

"சாப்பாட்டுல உப்பே இல்லன்னு சொல்றாரு" என்றார் சுபத்ரா. பிறகு என் முகத்தைப் பார்த்து அட்டையைத் திருப்பி வைத்தார். "உங்களுக்குப் படம் போட்ட அட்டை தரேன் ஐயா. தண்ணி, மாத்திரை, வலி, பாத்ரூம். எல்லாம் இருக்கும்."

"மத்தது?"

"மத்ததுன்னா?"

தண்ணீர், மாத்திரை, வலி, பாத்ரூம். இந்த நான்கைத் தவிர ஒரு மனுஷனுக்குச் சொல்ல இருப்பது எதற்கும் அட்டையில் படம் இல்லை.

"ஐயா, பையனுக்குப் பேசிட்டீங்களா?" என்று கேட்டார்.

"வாசிச்சிட்டு இருக்கேன்" என்றேன். புரியாமல் தலையாட்டினார்.

இன்னும் ஐந்து முழு நாள்.

அக்டோபர் 11, சனி

நான் வாசிக்க ரெஜினா தன் போனில் பிடித்தாள். முதல் வரி மட்டும், இரண்டு தடவை. கொசுவோ எதுவோ, போகட்டும்.

"என்ன சொல்லி அனுப்ப?"

"ஒண்ணும் சொல்லாத. சத்தம் மட்டும் போதும்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அனுப்பிய கையோடு, போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணே, மதினி போன அன்னைக்கு நான் அஞ்சு மணிக்கு ஓடியாந்தேன். நல்ல மழ. வாசல்ல உன் சைக்கிள் இல்ல. செருப்பும் இல்ல."

"புறவாசல்ல இருந்தேன்."

"மழையிலயா?"

"ஆமா."

அவள் எழுந்து போய்விட்டாள். போனில் சேதிக்குக் கீழே இரண்டு சாம்பல் கோடு. அவன் பார்த்தால் நீலமாகும் என்று சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை எட்டரைக்கு நீலம்.

பத்து மணிக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் ஒன்றுமில்லை. ரெஜினாவின் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோழிக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "தாத்தா, எத அறுக்கணும், கோழியவா போனவா?" என்றார்.

மாலை ஆறு. ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பதினொன்றே காலுக்கு வந்தது. பன்னிரண்டு விநாடி. ரெஜினா தட்டிவிட்டாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு என் மகனின் குரல்.

"அத்த, யாரு வாசிச்சது? கில்பர்ட் மாஸ்டர்ட்ட படிக்கிற யாராவதா? கோட்டத் தலகீழாப் பாத்திருக்காங்க. காயிதத்துல அடிக்கோடுதான் தடிச்ச கம்பி. மடியில வச்சாத் தடிச்ச கம்பி மேல இருக்கும்லா, அதான் குழப்பம். ஆனா நேரம் சரியா விட்டிருக்காங்க. காத்திருக்கத் தெரிஞ்ச கை."

ரெஜினா என்னைப் பார்த்தாள். "நீதான்னு சொல்லட்டா?"

தலையை அசைத்தேன். வேண்டாம்.

கப்பலில் மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே. காகிதத்தில் அப்படி இல்லை போலிருக்கிறது. கிட்டாரை எடுத்து வைத்து, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தடித்த கம்பியைப் பூஜ்யத்தில் தட்டினேன்.

கப்பல் ஊதியது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. தொண்டையில் இருக்கிற கட்டியும் அதிர்ந்திருக்கும். காத்திருந்து, மூன்று. காத்திருந்து, அடுத்த கம்பியில் இரண்டு. முப்பதாம் நாளில் கேட்டது இதேதான், அட்சரம் பிசகாமல்.

நான்காவது சத்தத்துக்கு விரல் போகவில்லை. விரலை எடுத்துவிட்டுத் தட்டினால் போதும், பூஜ்யம்தான். ஆறு தடவை முயன்றேன். மூன்றோடு நின்றுவிடுகிறது.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ரெஜினா வெளியே வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று தடவை பேசி மூன்று தடவை அழித்தேன். முதல் தடவை, "நல்லா இருக்கியாப்பா" என்று தொடங்கினேன். இரண்டாம் தடவை ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். இரக்கம் கேட்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை புறவாசல் என்று வந்துவிட்டது. புறவாசல் என்றதும் அழித்தேன்.

நான்காவது தடவையாக இங்கே பேசுகிறேன். இதையே அவனுக்கு அனுப்பச் சொல்லி ரெஜினாவைத் தன் போனிலும் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் கேட்கட்டும்.

லெஸ்லி. அந்தப் பாட்டை வாசித்தது நான்தான்.

முப்பதாம் நாளில் நான் உன்னிடம் சொன்னது இது: "உங்கம்மா சாகும்போது ரெண்டு தடவ கூப்பிட்டா. புறவாசல்ல இருந்த எனக்கே கேட்டுச்சு. உன் சத்தத்துல உனக்குக் கேக்கல." இதைச் சொன்னேன். நீ கிட்டாரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். மறுநாள் பஸ்ஸுக்குப் போனாய்.

நான் புறவாசலில் இல்லை. துணி காயப்போடவும் இல்லை, குழாய் பார்க்கவும் இல்லை. நீ பெட்டியைத் தட்டியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் புதுசாக ஒரு பெரிய கிரேன் வந்திருந்தது. அதை ரோட்டிலிருந்து பார்க்கலாம். மழையில் நின்று பார்த்தேன். எட்டுக் கன்டெய்னர் இறக்கினார்கள். எண்ணினேன். உங்கம்மா என்னிடம், "இன்னைக்கு எங்கயும் போவாதிய, பக்கத்துல இரிங்க" என்று மூன்று மணிக்குச் சொல்லியிருந்தாள். "இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் கை மெலிந்து கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது ஐந்தே முக்கால். நீ டாக்டரைத் தேடிப் போயிருந்ததால் நான் இல்லாதது உனக்குத் தெரியவில்லை. ரெஜினா அழுதுகொண்டிருந்தாள்.

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டாளா என்றே எனக்குத் தெரியாது. நானாகச் செய்த பொய் அது. கட்டில் சட்டத்தில் இருந்த கை அப்படியே இருந்தது என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். கூப்பிட நினைத்தவள் கையை எடுத்திருப்பாள். உன் பாட்டின் மேல் கை வைத்தபடி போயிருக்கிறாள். யாரோ ஒருவன் அவளை விட்டுவிட்டுப் போனான் என்றால் அது நீ இல்லை.

எனக்கு மறதி கிடையாது. அது உனக்குத் தெரியும். அதனால்தான் நான் சொன்னதை நீ நம்பினாய்.

போதும். தொண்டை எரிகிறது. ரெஜினா, அனுப்பு.

அக்டோபர் 15, புதன்

ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்துவிட்டார்கள். எண் 14. கழுத்தைச் சிரைத்து விட்டார்கள். கிட்டாரையும் கொண்டுவந்தேன். நர்ஸ் திட்டினாள். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நீலம் நேற்றே விழுந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை.

ரெஜினா நான் சொன்னதைக் கேட்ட பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள். துணி மடித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பேசவில்லை. இப்போது போன் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அழுகிறாள்.

சுபத்ரா வந்தார். "கடைசியா எதாவது பாடிருங்க ஐயா. சில பேரு அப்படிச் செய்வாங்க." எனக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்த பாட்டுக்கு வாய் வேண்டாம்.

மணி நான்கரை. இன்னும் ஒன்றும் வரவில்லை. வராமல் போனாலும் சரி, அவன் கேட்டுவிட்டான். அது போதும் என்று சொன்னால் பொய். நான் பொய்யை நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

போதாது.

அக்டோபர் 26, ஞாயிறு

இதை எழுதுவது லெஸ்லி.

மேலே இருப்பது முழுவதையும் படித்தேன். போன் பல இடங்களில் தப்பாக எழுதியிருந்தது. அவற்றைத் திருத்தினேன். அப்பாவின் பொய்களைத் திருத்தவில்லை.

அத்தை அனுப்பியதை அன்றைக்கே கேட்டேன். இரண்டாவது தடவை கேட்க நான்கு நாள் ஆனது. நான்கு வருஷமாக எந்தப் பாட்டைப் பதிவு செய்தாலும், சத்தங்களுக்கு நடுவே அம்மா கூப்பிடுகிறாளா என்று கேட்டுக்கேட்டுச் சரிபார்ப்பேன். இடைவெளி முன்னைவிட நீளமானது அதனால்தான். எல்லோரும் அதை என் பாணி என்றார்கள்.

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பாவிடம் கத்த வேண்டும் என்று இருந்தது. பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் எப்படிக் கத்துவது என்பதிலேயே இத்தனை நாள் போய்விட்டது. நேற்றுக் காலை வந்தேன்.

மூக்கில் குழாய், கழுத்தில் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அத்தை பட அட்டையை நீட்டினாள். தள்ளிவிட்டார். காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி, அட்டையின் மேல் வைத்து, நான்கு கோடு போட்டார். அடிக்கோட்டில் பூஜ்யம். நீளமான இடம் விட்டு, மூன்று. இடம் விட்டு, அதற்கு மேல்கோட்டில் இரண்டு. இந்தத் தடவை தலைகீழ் இல்லை. அதோடு நிறுத்திப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கவில்லை. அத்தை, "வாங்கேம்ல, கை வலிக்கும்லா அவருக்கு" என்றாள்.

நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். கிட்டார் அங்கேதான் இருந்தது. சத்தப் பெட்டி இல்லாமல் இதில் சத்தம் எழும்பாது. அதனால் அதன் உடம்பைக் கட்டில் சட்டத்தோடு ஒட்டி வைத்தேன். அப்பாவின் கையை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பூஜ்யம். காத்திருந்தேன். மூன்று. காத்திருந்தேன். இரண்டு.

அங்கே என் கை தானாக நின்றது. அவர் கை முட்டியாக மடங்கி உயருமா என்றுதான் பார்த்தேன். சின்ன வயதில் துறைமுக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை பார்த்த கை. அது உயரவில்லை. ஒரு கை சட்டத்தில் இருந்தது. மற்றதை அவர் மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே அசைத்தார்.

மெதுவாக இறக்கு.

இறக்கினேன்.

----------------------------
----------------------------
------------------2--------0
0--------3------------------